சின்னம்மா வணக்கம் சொன்ன முகங்கள்

எங்கள் பழைய வீட்டின் கொல்லையில் ஓர் இரும்புக் குழாய் இன்னும் நிற்கிறது. இப்போது அதில் துணி காயப் போடும் கொடியின் ஒரு முனையைக் கட்டியிருக்கிறார்கள். இடுப்பு உயரத்தில் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்த ஒரு கைப்பிடி. அதற்கு எதிரே சுவரில் இரண்டு பெயின்ட் கோடுகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. கைப்பிடியைப் பச்சைக் கோட்டுக்கு நேராகத் திருப்பினால் உச்சியில் இருந்த ஆன்டெனா கிழக்கே பார்க்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. சிவப்புக் கோட்டுக்குத் திருப்பினால் வடமேற்கு. அந்தத் திசையில்தான் கொடைக்கானல் மலை. கோடுகளைப் போட்டவர் பெரியப்பா. பச்சைதான் முதலில் போட்டது. சிவப்பு அதற்குச் சில வருடம் கழித்து வந்தது.

தமிழில் பழைய டிவி நினைவுகளை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சென்னைத் தொலைக்காட்சியிலிருந்து தொடங்குகிறார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமைப் படம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’. எனக்கும் அவையெல்லாம் பிடித்தவை, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் ராமநாதபுரம் கடற்கரையில் வளர்ந்த எங்களுக்கு டிவி அங்கிருந்து தொடங்கவில்லை. கிழக்கேயிருந்து தொடங்கியது.

நான் பிறந்தது 1975. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதும் அதே வருடம், ஆகஸ்டில். அப்பா இதை அடிக்கடி சொல்வார். ஆனால் அந்த நிலையத்தின் அலை சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டாது. உச்சிப்புளிக்குப் பக்கத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த எங்களுக்குச் சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். இலங்கையோ கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பக்கத்தில்தான். ராத்திரி தோணிக்காரர்கள் கதை பேசும்போது மன்னார் என்பதை அடுத்த தெரு மாதிரித்தான் சொல்வார்கள்.

1982 பிப்ரவரி 15 அன்று, ஜப்பான் அரசின் உதவியோடு இலங்கையின் அரசுத் தொலைக்காட்சியான ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் மேல் ஒரு கோபுரம். உயரம் 2,524 மீட்டர். வடக்கே கிளிநொச்சிக்குத் தெற்கில், கொக்காவில் என்ற இடத்தில், அந்த அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் ஓர் அஞ்சல் நிலையம். கொக்காவில் எங்கள் ஊருக்கு நேர் கிழக்கே, இடையில் பெரும்பாலும் கடல். அலைக்குக் குறுக்கே மலையும் இல்லை, கட்டடமும் இல்லை.

கடல் மேல் வருகிற அலைக்கு ஒரு குணம் உண்டு. வெக்கையான நாளில், காற்று ஓய்ந்த மாலையில், கடலை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலே உள்ளது சூடாகவும் அடுக்கடுக்காக நின்றுவிடும். அப்போது டிவி அலை நேராக வானத்துக்குப் போய்விடாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து வளைந்து வெகுதூரம் வந்து சேரும். இதையெல்லாம் நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் ஊர் மீனவர்கள் படிக்காமலே சொன்னார்கள். “இன்னைக்குக் கடல் படிஞ்சு கெடக்கு, படம் நல்லா விழும்” என்பார்கள். அப்படியே விழும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் திரை முழுக்கப் புள்ளி. அந்தப் புள்ளிக்குள் யாரோ ஆடுவது போல இருக்கும், அவ்வளவுதான்.

பெரியப்பா 1984-இல் மதுரைக்குப் போய் ஒரு சாலிடேர் டிவி வாங்கி வந்தார். கறுப்பு வெள்ளை. இரண்டு பக்கமும் மடக்கித் திறக்கிற மரக் கதவு, அதற்கு ஒரு குட்டிப் பூட்டு. கருவாட்டு வியாபாரத்தில் அந்த வருடம் கை நிறைய வந்திருந்தது. ஊரில் அதுதான் இரண்டாவது டிவி. ஆறு மணிக்கு எங்கள் கூடம் நிறைந்துவிடும், திண்ணையில் ஆள், ஜன்னல் கம்பியில் முகம். பெரியம்மா எல்லோருக்கும் பாய் போட்டு முடியாமல் சாக்கை விரித்துவைப்பார்.

அந்தக் கூட்டத்தில் நிலைப்படி ஓரமாக, உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தவர் என் சின்னம்மா. அம்மாவின் தங்கை. ஊரில் அவரைக் கொழும்புச் சின்னம்மா என்பார்கள். கல்யாணமாகிக் கொழும்புக்குப் போனவர். சின்னய்யாவுக்குப் புறக்கோட்டையில் பலசரக்குக் கடை. எங்கள் பகுதியில் அந்தக் காலத்தில் கொழும்புக் கடை என்பது பெரிய விஷயம். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் யாராவது அங்கே இருப்பார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் மூன்று ராத்திரி இவர்களைச் சமையற்கட்டுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அப்புறம் ஆகஸ்டில், கையில் ஒரு பையும் ஒரு தகரப் பெட்டியுமாக ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். பக்கத்திலேயே மண்டபம் முகாமில் அகதிகள் வந்து குவிந்துகொண்டிருந்த நாட்கள். இவர்களுக்குச் சொந்த ஊர் இருந்ததால் முகாமுக்குப் போகவில்லை.

டிவி வந்த முதல் வாரம். மாலையில் ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தி. திரையில் ஒரு பெண் வந்து, காகிதங்களைத் தட்டிச் சரிசெய்துவிட்டு, “வணக்கம்” என்றார். நிலைப்படியில் நின்ற சின்னம்மா இரண்டு கையையும் கூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “வணக்கம்” என்றார்.

நாங்கள் பிள்ளைகள் சிரித்துவிட்டோம். சின்னம்மா கோபப்படவில்லை. “வீட்டுக்கு வந்து வணக்கம் சொல்றாங்க. பதில் சொல்லாம இருக்கலாமா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த நாளும் சொன்னார். அதற்கடுத்த நாளும். ஒரு மாதத்தில் எங்கள் கூடமே சேர்ந்து வணக்கம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. கைக்குழந்தைகள் உட்பட. பெரியப்பா மட்டும் தலையை அசைப்பார்.

இதைவிட எனக்கு மறக்காதது இன்னொன்று. சிங்களச் செய்தி வாசிக்கிறவர் “ஆயுபோவன்” என்று கைகூப்பும்போதும் சின்னம்மா “ஆயுபோவன்” என்பார். சிங்களம் காதில் விழுந்ததுமே சின்னய்யா எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார், ஒங்க கடைய எரிச்சவங்களுக்குமா வணக்கம் சொல்றீங்க என்று. சின்னம்மா சொன்னார்: “எரிச்சது இந்தப் பிள்ளையா? அது பாட்டுக்கு எழுதிக் குடுத்தத வாசிக்குது. அதோட மொகத்தப் பாரு, எவ்வளவு சோர்ந்து போயிருக்கு.” பெயர் தெரியாத அந்தச் செய்தி வாசிப்பாளரின் முகம் அன்றைக்கு உண்மையிலேயே சோர்ந்துதான் இருந்தது. நான் அதற்குப் பிறகுதான் கவனித்துப் பார்த்தேன்.

எங்களுக்கு அது வெளிநாட்டு டிவி. சின்னம்மாவுக்கு அது உள்ளூர் டிவி. அதில் வருகிற தெருப் பெயர் அவருக்குத் தெரியும், மழை எங்கே பெய்ததோ அந்த இடம் தெரியும். மாலிபன் பிஸ்கட் விளம்பரமும் லக்ஸ்ப்ரே பால்மா விளம்பரமும் வந்தால், அந்தக் கடை எங்கே, டின் என்ன விலை என்று சொல்வார். கொழும்பு நகரத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் புறக்கோட்டையிலிருந்து காலிமுகத்திடலுக்கு எப்படி நடந்து போவது என்று பத்து வயதில் எனக்குத் தெரியும். அந்த விளம்பரங்களின் இடைவெளியில் கற்றது.

சிங்களம் எங்கள் யாருக்கும் தெரியாது என்பதால் சின்னம்மாவே மொழிபெயர்ப்பாளர் ஆனார். ரூபவாஹினியில் டைட்டஸ் தொடவத்த என்ற கலைஞர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுத்து, அவற்றை அந்த மண்ணின் கதைகளாகவே மாற்றிவிட்டிருந்தார். டாக்டர் டூலிட்டில் அவர் கையில் ‘தொஸ்தர ஹொந்த ஹித’ ஆனார். “நல்ல மனசு டாக்டர்னு அர்த்தம்” என்று சின்னம்மா சொன்னார். இப்படித்தான் நாங்கள் பூனைக்குச் சிங்களத்தில் ‘பூசா’ என்று கற்றுக்கொண்டோம். பல வருடம் கழித்து, பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையைக் கம்பர் ‘பூசை’ என்று பாடியிருப்பதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது எங்கள் கூடமும் சாக்கு விரிப்பும்தான்.

பின்னாளில் வந்த ‘ஓஷின்’ வேறு மாதிரி. அது ஜப்பானியத் தொடர். பதினைந்து பதினைந்து நிமிடமாக 297 பகுதி; அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஓடியது. ரூபவாஹினியில் அது சிங்களத்தில் வந்தது. ஏழு வயதுப் பெண்ணை ஒரு மூட்டை அரிசிக்காக வேலைக்கு அனுப்புகிறார்கள். பனி கொட்டுகிறது. ஆற்றில் கட்டுமரம் மாதிரி ஒரு தெப்பம். அதில் அந்தப் பிள்ளையை ஏற்றிவிடுகிறார்கள். அது அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறது. கட்டுமரமும் வறுமையும் எங்களுக்குத் தெரியாததா? கூடத்தில் ஒரு சத்தம் இல்லை. சின்னம்மா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். “அம்மா நான் போகலம்மா, சோறு கொஞ்சமாத் தின்னுக்கிறேன்மாங்குது…” அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் புரிந்திருந்தது.

சின்னய்யாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1985 செப்டம்பர். கொழும்பு பி. சாரா மைதானத்தில் இந்தியாவும் இலங்கையும் ஆடிய டெஸ்ட். கடைசி நாள் கபில்தேவ் ஒருவர்தான் நின்று அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவர் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தோம். ருமேஷ் ரத்நாயக்க பந்து போட்டு, தானே பிடித்தார். கபில் அவுட். இலங்கைக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி. எங்களுக்கெல்லாம் முகம் தொங்கிப்போயிற்று. அப்போது பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது, இரண்டே இரண்டு தட்டு. திரும்பிப் பார்த்தால் சின்னய்யா எழுந்து நிற்கிறார். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். பதினைந்து வருடம் வாழ்ந்த ஊர். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் தன் வெற்றிலைப் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

சரி, சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன்.

1983-இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. அடுத்த வருடம் நாடெங்கும் ஏறக்குறைய நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் முளைத்தன. ஆனால் அவை செயற்கைக்கோள் வழியாக டெல்லியிலிருந்து வருவதைத்தான் திருப்பி அனுப்பின. தமிழ்நாட்டின் பல ஊர்களில் டிவி முதலில் இந்தியில் பேசியது இதனால்தான். எங்கள் ஊருக்கு அதுவும் எட்டவில்லை. எண்பதுகளின் பின்பாதியில் கொடைக்கானல் மலைமேல் சென்னை நிகழ்ச்சிகளைத் தரும் சக்தி வாய்ந்த ஒளிபரப்பு நிலையம் வந்ததும் தென்மாவட்டங்கள் விழித்துக்கொண்டன. பெரியப்பா குழாயில் இன்னொரு பத்தடி ஏற்றி, ராமநாதபுரத்திலிருந்து பூஸ்டர் வாங்கி வந்து மாட்டினார். இரண்டு நாள் மாடியில் ஓர் ஆள், கொல்லையில் ஓர் ஆள், டிவி முன்னால் ஓர் ஆள். மூன்றாம் நாள் மதியம் மீன் முள் மாதிரிக் கோடுகளுக்கு நடுவே தூர்தர்ஷனின் அந்தச் சுழலும் சின்னமும் ஷெனாய் மாதிரி இழைகிற இசையும் வந்தன. பெரியப்பா உடனே பெயின்ட் டப்பாவை எடுத்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு நாடு. வெள்ளிக்கிழமை சிவப்பு, சனிக்கிழமை பச்சை, ஞாயிற்றுக்கிழமை காலை ராமாயணத்துக்குச் சிவப்பு, மாலை கடல் படிந்திருந்தால் பச்சை. அப்போது இரண்டு நாட்டுக் கடிகாரமும் ஒன்றுதான். இலங்கை நேரத்தை மாற்றியது 1996-இல். அதனால் எட்டு மணி என்றால் இரண்டு பக்கமும் எட்டு மணி. கைப்பிடியைத் திருப்பினால் போதும்.

செய்திக்கு முதல்முறை சென்னைப் பக்கம் திருப்பிய அன்று வாசித்தவர் ஷோபனா ரவி. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கே செய்தி என்றால் அந்த முகம்தான். நிமிர்ந்த கழுத்து, திருத்தமான பொட்டு, அவசரமே இல்லாத குரல். பெண்கள் அவர் சேலையைப் பற்றிப் பேசுவார்கள் என்பது எல்லோரும் எழுதுகிற விஷயம். எங்கள் கூடத்திலும் பேசினார்கள். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது வேறு: எவ்வளவு கெட்ட செய்தியானாலும் அதைக் கேட்கிற நம்மை மிரட்டாமல் சொல்வார். அந்த மரியாதையை இன்றைய செய்தி அலைவரிசைகளில் நான் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைப்பதில்லை. இப்போது செய்தி வாசிக்கும் பிள்ளைகளுக்குத் திறமை குறைவு என்று சொல்லமாட்டேன். கத்தச் சொல்கிற இடத்தில் அவர்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

நாடக மேடையில் பேர் வாங்கிய டி.வி. வரதராஜன் வாசித்தால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் வந்து உட்காரும். சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு எல்லோரும் அடுத்தடுத்து எங்கள் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். கவிஞர் ஈரோடு தமிழன்பனும் செய்தி வாசித்தார். “இவர் ‘ழ’ சொல்றதுக்காகவே கேக்கலாம்” என்பார் சின்னம்மா. பிற்பாடு 2004-இல் தமிழன்பனுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது, ‘வணக்கம் வள்ளுவ’ என்ற நூலுக்கு. பத்திரிகையில் அந்தத் தலைப்பை நான் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “நமக்கும் சொல்லியிருக்காரே, எத்தன தடவ” என்றார்.

இரண்டு பக்கத் தமிழையும் ஒரே மாலையில் கேட்டு வளர்ந்தது எங்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. கிழக்கே பொலிஸார், மேற்கே போலீசார். கிழக்கே ஜனாதிபதி, பாராளுமன்றம், மழைவீழ்ச்சி, அறிவித்தல், கூட்டுத்தாபனம். மேற்கே குடியரசுத் தலைவர், நாடாளுமன்றம், மழையளவு, அறிவிப்பு, நிறுவனம். பள்ளிக்கூடத்தில் நான் கட்டுரையில் ‘மழைவீழ்ச்சி’ என்று எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால் சுழித்து, கீழே தானே ஒரு குறிப்பும் எழுதினார்: நல்ல சொல், எங்கே பிடித்தாய்?

சென்னையிலிருந்து வந்ததில் சின்னம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ‘எதிரொலி’. நேயர்கள் எழுதிய கடிதங்களுக்கு நிலையத்திலிருந்து பதில் சொல்கிற நிகழ்ச்சி. நிலைய இயக்குநராக இருந்த ஏ. நடராஜன் அதன் வழியாகவே வீட்டுக்கு வீடு தெரிந்த மனிதரானார். எங்கோ ஒரு மூலையில் இருக்கிற ஆள் எழுதிய கார்டை எடுத்து, ஊரையும் பேரையும் வாசித்து, பாராட்டுக்கு நன்றியும் குறைக்கு விளக்கமும் சொல்வார்கள். ஒரு அரசு நிலையத்தின் தலைவர் பொதுமக்களுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்வது அந்தக் காலத்தில் வேறு எங்கே நடந்தது? மற்ற நிகழ்ச்சிகளில் அவர்கள் வணக்கம் சொல்லச் சின்னம்மா பதில் சொல்வார். இதில் நாம் சொல்ல அவர்கள் பதில் சொல்கிறார்கள். அதனால் எதிரொலி நேரத்தில் சின்னம்மா நிலைப்படியை விட்டு முன்னால் வந்து உட்காருவார்.

ஒருநாள் என்னை அழைத்து ஒரு கார்டு எழுதச் சொன்னார். சொன்னதை அப்படியே எழுதினேன். “நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரையில் இருக்கிறோம். உங்கள் படம் எங்களுக்குப் புள்ளியாகத்தான் வருகிறது. ஆனாலும் செய்தி வாசிக்கிறவர்கள் வணக்கம் சொன்னால் நாங்கள் எல்லோரும் பதில் வணக்கம் சொல்கிறோம். இதை அவர்களிடம் சொல்லவும்.” முகவரிக்குச் சென்னை சுவாமி சிவானந்தா சாலை என்று எழுதி, நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

அடுத்த இரண்டு வாரம் எதிரொலியில் எங்கள் கார்டு வரவில்லை. மூன்றாவது வாரம் புயல் காற்று. ஆன்டெனாவின் குறுக்குக் கம்பிகள் வளைந்து தொங்கின. அதைச் சரிசெய்ய ஆள் கிடைத்து, மறுபடி படம் வர இருபது நாள் ஆயிற்று. அந்த இருபது நாளில்தான் எங்கள் கார்டை வாசித்திருக்கிறார்கள் என்று சின்னம்மா முடிவுசெய்தார். அதில் அவருக்குக் கடைசிவரை சந்தேகமே வரவில்லை. எனக்கும் இல்லை.

கிழக்குப் பக்கம் மங்கியது 1990-இல். அந்த ஜூலையில் கொக்காவில் ராணுவ முகாம் போரில் வீழ்ந்தது. ரூபவாஹினியின் அஞ்சல் நிலையமும் அதோடு போயிற்று. பச்சைக் கோட்டுக்கு எவ்வளவு திருப்பினாலும் வெறும் இரைச்சல். கடல் நன்றாகப் படிந்த சில இரவுகளில் மட்டும் தெற்கேயிருந்து ஏதோ நிழல் மாதிரி வரும். சின்னம்மா சில நாள் அந்த இரைச்சலின் முன்னாலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். கொக்காவிலில் 174 மீட்டரில் புதிய கோபுரம் எழுந்தது 2011-இல். அதற்குள் இங்கே ஆன்டெனா வைத்துப் பார்க்கிறவர்களே இல்லை.

தொண்ணூறுகளில் ராமேஸ்வரத்திலும் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது, 323 மீட்டர். படம் துல்லியமாக வந்தது. ஆனால் அதே காலத்தில் கேபிளும் வந்துவிட்டது. 1993 தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் தெருவெல்லாம் கறுப்புக் கம்பி. எதைப் பார்ப்பது என்று வீட்டில் சண்டை வர ஆரம்பித்தது. கூடத்தில் சாக்கு விரிக்கிற தேவை இல்லாமல் போயிற்று, அவரவர் வீட்டில் அவரவர் டிவி. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

அந்தக் கும்பலில் சின்னம்மாவுக்கு ஒரு பழைய உறவு திரும்பிக் கிடைத்தது. சன் டிவியில் ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’. நடத்தியவர் பி.எச். அப்துல் ஹமீத். இலங்கை வானொலியில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த கடற்கரை எங்களுடையது; கொழும்பில் சின்னம்மாவின் அடுப்படியில் நாள் முழுக்கப் பாடியது அந்த வானொலிதான். முகத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறார். “இவ்வளவு நாள் கொரலா இருந்தீக, இப்பத்தான் நேர்ல வந்திருக்கீக” என்று டிவியைப் பார்த்துச் சொன்னார். போட்டிக்கு வந்த பிள்ளை ஒன்று எழுத்து கிடைக்காமல் தடுமாறியபோது அப்துல் ஹமீத் அதட்டாமல், நிதானமாக, சுத்தமான தமிழில் அந்தப் பிள்ளைக்குத் தைரியம் சொன்னார். சின்னய்யா அதற்குள் காலமாகியிருந்தார். “அவுக இருந்திருந்தா இதுக்கு எந்திரிச்சுப் போயிருக்க மாட்டாக” என்றார் சின்னம்மா.

2000-த்தை ஒட்டி, எங்கள் பக்கத்துக் கேபிள்காரர் தானே ஒரு சேனல் தொடங்கினார். டீக்கடை மாடியில் பத்துக்குப் பத்து அறை, ஒரு ஹேண்டிகேம், ஒரு வீடியோ டெக், பின்னால் நீலப் போர்வை. பகலெல்லாம் படம் ஓடும். அடியில் காதுகுத்து வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் நகர்ந்துகொண்டிருக்கும். முளைப்பாரி எடுத்தால் இரவே போடுவார்கள். ஏர்வாடிச் சந்தனக்கூட்டை விடிய விடியக் காட்டுவார்கள். தங்கள் பிள்ளை கூட்டத்தில் தெரிகிறதா என்று பார்க்க வீடு வீடாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை. அதே கேசட்டுகளில் திரும்பத் திரும்பப் பதிவு செய்தார்கள். எங்கள் ஊரின் பத்து வருடத் திருவிழாவும் கல்யாணமும் சாவும் ஒன்றன்மேல் ஒன்றாக அழிந்துபோயின. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது.

இரவு ஏழரைக்கு அதில் பத்து நிமிடம் உள்ளூர்ச் செய்தி. வாசித்தது கேபிள்காரரிடம் வேலை பார்த்த பையன். இருபது வயது இருக்கும். பகலில் இடுப்பில் கட்டிங் பிளேயர் சொருகிக்கொண்டு கம்பம் கம்பமாக ஏறுவான். மாலையில் முகம் கழுவி, பவுடர் போட்டு, ஒரே ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு போர்வைக்கு முன்னால் உட்காருவான். நாளை கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையா, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் எந்தத் தேதி, கரண்ட் எப்போது போகும், யார் வீட்டு ஆடு காணவில்லை. ஏப்ரல் 15 முதல் 45 நாள் மீன்பிடித் தடை வந்த வருடம், கடற்கரையே அவன் சொல்வதற்காகக் காத்திருந்தது. ஒரு நாட்டின் செய்திக்கும் ஒரு மாநிலத்தின் செய்திக்கும் காத்திருந்து பழகியவர்கள் நாங்கள். எங்கள் தெருவின் செய்தியை எங்கள் தெருப் பையனே வாசித்தபோது, கடலும் காற்றும் குறுக்கே வராமல் படம் கண்ணாடியாக வந்தது.

முதல் நாள் அவன் கை நடுங்கியது கேமராவில் தெரிந்தது. “நேயர்களுக்கு வணக்கம்” என்றான். சின்னம்மா கை கூப்பி, “வணக்கம் தம்பி” என்றார்.

மாதக் கடைசியில் அதே பையன் ரசீதுப் புத்தகத்தோடு பணம் வாங்க வந்தான். நானும் அன்று ஊரில் இருந்தேன். சின்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, “நீ வணக்கம் சொல்றப்ப நான் தெனமும் பதில் சொல்றேன், தெரியுமா?” என்று கேட்டார். அவன் விழித்தான். எனக்குத் தெரிந்து, இத்தனை வருடத்தில் சின்னம்மா வணக்கம் சொன்ன முகங்களில் எங்கள் வீட்டுப் படியேறி வந்தது அவன் ஒருவன்தான்.

“நேத்து இடது பக்கக் காலர் உள்ள மடங்கியிருந்துச்சு” என்றார் சின்னம்மா. “அப்புறம், ‘மழை’ன்னு சொல்லுய்யா. ‘மளை’ங்காத.”

“சரி பெரியம்மா” என்றான். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, படி இறங்குகிறபோது உதட்டுக்குள்ளே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்று இரவு ஏழரைக்கு நாங்கள் டிவியைப் போட்டோம். நீலப் போர்வை, வெள்ளைச் சட்டை. பையன் வந்து உட்கார்ந்தான். கையைத் தூக்கி இடது பக்கக் காலரைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம்தான் வணக்கம் சொன்னான்.